கடினமும் கருத்தும்: ‘சில்க்சோங்’ பற்றிய விமரிசனங்கள் – ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்று வெளிவந்ததும் அதுபற்றி எழுதப்படும் கருத்துக்கள் யாவும் விமரிசனமாகிவிடுவதில்லை. பண்டமொன்றைக் காசு கொடுத்துப் பெறலாமா, கூடாதா என்று நுகர்வோனுக்குச் சொல்லும் எழுத்து ஒருவகை. படைப்பு எதனைக் கூறுகின்றது, எவ்வாறு கூறுகின்றது, கூறும் முறை கூறப்படும் பொருளுக்கு இயைந்ததா என்று வினவும் எழுத்து இன்னொருவகை. இலக்கியத்தில் இவ்விரண்டும் நெடுங்காலத்துக்கு முன்னரே வேறுபட்டுவிட்டன. விடியோ விளையாட்டுத் துறையிலோ இவை இன்றும் ஒரே கட்டுரையினுள், சில வேளைகளில் ஒரே பந்தியினுள்ளேகூட, ஒன்றன் காலை மற்றொன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி வெளியான ‘ஹொலோ நைற்: சில்க்சோங்’ என்னும் விளையாட்டைச் சூழ்ந்தெழுந்த கருத்து மோதல்கள் இந்நிலையை நன்கு புலப்படுத்துகின்றன.

விடியோ விளையாட்டு விமரிசனத்துக்குரிய பொருளாகுமா எனப் புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். நாவலும் சினிமாவும் தத்தம் இளமையிலே எதிர்கொண்ட வினாவே இதுவுமாகும். அவ்வாதத்தை இங்கு மீண்டும் தொடங்க வேண்டிய அவசியமில்லை.

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரைச் சேர்ந்த ‘ரீம் செரி’ என்பது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைக் கொண்ட ஒரு சிறு குழு. 2014இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, 2017இல் ‘ஹொலோ நைற்’ என்ற தமது முதல் ஆக்கத்தை அவர்கள் வெளியிட்டனர். அழிந்துபோன ஒரு பூச்சி இராச்சியத்தினூடே பேச்சற்ற சிறு வீரனொருவன் நடந்து செல்லும் கதை அது. அதன் தொடர்ச்சியே சில்க்சோங். 2019 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இப்படைப்புக்காக ஆடுவோர் ஆறாண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். வெளியாகிய நாளில் விற்பனைத் தளங்கள் பல கூட்டத்தைத் தாங்கமாட்டாது சிறிது நேரம் செயலிழந்தன. கோடிக்கணக்கிற் செலவிட்டு உருவாக்கப்படும் பெருநிறுவன விளையாட்டுக்கள் 70 டொலருக்கு விற்கப்படும் காலத்திலே இதன் விலை 20 டொலராக மட்டுமே இருந்தது.

வெளியீட்டுக்கு முன்னர் விமரிசகர்களுக்குப் பிரதிகள் அனுப்பப்படவில்லை என்பது கவனித்தற்குரியது. முன்பணம் கொடுத்து உதவிய சாதாரண மக்களுக்கு முன்னதாக விமரிசகர்கள் ஆடுவது நியாயமன்று என்பதே ஆக்கியோர் கூறிய காரணம். இதனைச் சிலர் விமரிசகரை அவமதிக்கும் செயலாகக் கொண்டனர். ஆனால் முன்கூட்டியே பிரதி வழங்கும் வழக்கம் விமரிசனத்துக்குச் செய்துள்ள தீங்கினை நோக்குமிடத்து அக்குறைபாடு அவ்வளவு வலுவுடையதாகத் தோன்றவில்லை. 2020 டிசெம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ இதற்குத் தக்க சான்று. வெளியீட்டுக்கு முன்னர் விமரிசகர்களுக்குக் கணினிக்குரிய வடிவமே கொடுக்கப்பட்டது. தாம் ஆடியபோது பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதியில்லை. அவ்வடிவத்தை ஆடியோர் உயர்ந்த புள்ளிகள் வழங்கினர். பழைய ‘பிளேஸ்ரேஷன் 4’ கருவியிலே ஆடியவர்களுக்குக் கிடைத்ததோ அடிக்கடி முறிந்து நின்ற ஒரு வடிவம். ஒரு வார காலத்தினுள் சோனி நிறுவனம் தனது விற்பனைத் தளத்திலிருந்து அதனை அகற்றியது. மறு ஆண்டு ஜூனிலேதான் அது மீண்டும் இடம்பெற்றது. விமரிசகர் பொய்யுரைத்தார் என்பதன்று இங்குள்ள பிரச்சினை. எதனைப் பார்க்கலாம், எப்போது எழுதலாம் என்பவற்றை விற்பவனே தீர்மானிக்கும்போது விமரிசனம் விளம்பரத்தின் ஒரு பிரிவாகிவிடுகின்றது.

புள்ளியிடும் வழக்கம் இந்நிலையை மேலும் இறுக்குகின்றது. ‘மெற்றகிறிற்றிக்’ போன்ற தளங்கள் பல விமரிசகரின் முடிவுகளையும் நூற்றுக்கு இத்தனை என்று ஓரெண்ணாகத் திரட்டித் தருகின்றன. 2010இல் வெளியான ‘ஃபோல் அவுட்: நியூ வேகஸ்’ விளையாட்டின் திரட்டுப் புள்ளி 85 ஆக இருந்தால் ஆக்கிய குழுவுக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டென்றும், 84 ஆக நின்றமையால் அது கிடைக்கவில்லையென்றும் அக்குழுவைச் சேர்ந்த ஒருவரே 2012இல் வெளிப்படுத்தினார். ஒரு புள்ளி சம்பளக் கணக்கிலே இடம்பெறும் ஒரு துறையில், அப்புள்ளியை இடுபவர் கலையை மட்டுமே மதிப்பிடுகின்றார் என்று கருதுவது வெகுளித்தனமாகும்.

சில்க்சோங்கைப் பற்றிய கருத்துக்களும் பெரும்பாலும் இவ்வழக்கத்தின் வழியே சென்றன. ஓவியம் அழகு, இசை உயர்ந்தது, கொடுத்த பணத்துக்கு மேலான அளவு, ஆயினும் மிதமிஞ்சிய கடினம் என்பதே திரும்பத் திரும்ப வந்த தீர்ப்பு. கடினத்துக்கு அவர்கள் காட்டிய சான்றுகள் மறுக்கத்தக்கவையல்ல. கதைத்தலைவி ஹோர்னற் ஐந்து முகமூடி அளவு உயிருடன் தொடங்குகின்றாள். பகைவர் பலரின் ஒரே அடி இரண்டு முகமூடியைப் பறித்துவிடுகின்றது. ஒரு பகுதியின் முடிவில் நின்று வழிமறிக்கும் பெரும் பகைவனை, ஆடுவோர் ‘பொஸ்’ என வழங்கும் அவனை, வெல்லத் தவறினால் நெடுந்தூரம் மீண்டும் நடந்துவர வேண்டும். இளைப்பாறுதற்குரிய வாங்குகள் சிலவற்றில் அமர்வதற்கே காசு கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் குறைகளெனப் பட்டியலிட்டு எட்டு என்றும் ஒன்பது என்றும் புள்ளியிட்டனர் பலர்.

எதிர்த்தரப்பினர் கூறியதும் இதனினும் ஆழமானதன்று. கடினமே இதன் பெருமை, ஆடத் தெரியாதவர்களே முறையிடுகின்றனர் என்றனர் அவர்கள். இரு தரப்பினரும் கடினத்தைப் பொருளின் ஒரு பண்பாக, மிளகாய்த்தூளின் உறைப்பைப் போல, கூடியது குறைந்தது என்று அளந்தார்களேயன்றி, இக்கடினம் எதனைச் சொல்கின்றது என்று கேட்டிலர். இவ்வினாவை விடுத்து இப்படைப்பை மதிப்பிட இயலாது.

ஹோர்னற் சிறைக்கூண்டொன்றில் அடைபட்டு ‘பார்லூம்’ என்ற நாட்டுக்குக் கொண்டுவரப்படுகின்றாள். கூண்டுடைந்து அடித்தளத்தில் விழுகின்றாள். நாட்டின் உச்சியிலே இருப்பது ஒரு திருநகர். அதனை அடைந்தால் அருள் கிட்டும் என்ற நம்பிக்கையோடு யாத்திரிகப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மேலேறுகின்றன. வழியெங்கும் மடிந்தோரின் எச்சங்கள் கிடக்கின்றன. அந்நாட்டின் நாணயம் செபமாலை மணி. பக்தியின் சின்னமும் பரிவர்த்தனையின் கருவியும் அங்கு ஒன்றே. காட்டுயிர்களைக் கொன்றால் மணி கிடைப்பதில்லை. அந்நம்பிக்கைக்கு உட்பட்டோரிடமே மணியுண்டு. ஹோர்னற் இறந்துபட்டால் கையிலுள்ள உதிரி மணிகள் அவ்விடத்திலே தங்கிவிடுகின்றன. மீட்கச் செல்லுமுன் மறுபடியும் இறந்தால் அவை இல்லாதொழிகின்றன. மணிகளைக் கோத்து வைத்தால் இழப்பில்லை, ஆயினும் கோத்துத் தருவதற்கும் ஒரு பங்கு கழிக்கப்படுகின்றது. இத்துணையும் கடந்து உச்சியை அடைந்தால் அங்கே காணப்படுவன, நூலிழையினாற் பிணிக்கப்பட்டுத் தம்முணர்விழந்தும் பழைய பணியையே செய்துகொண்டிருக்கும் உடல்கள்.

இப்பின்னணியில் அந்த வாங்குகளை நோக்குதல் வேண்டும். களைத்தவன் அமர்வதற்கும் கட்டணம் அறவிடும் சமய நிறுவனத்தைக் கதாபாத்திரமொன்றின் வசனத்தால் உணர்த்தியிருக்கலாம். நாவலாயின் அவ்வாறே நிகழும். வாசகன் கொடுமையை அறிந்து அனுதாபப்படுவான். இங்கோ ஆடுவோனின் கையிலிருந்தே மணிகள் கழிகின்றன. திருநகரின் கீழே தொழிலாளர் உழன்ற பகுதியிலுள்ள வாங்கு ஒருமுறை கொடுத்த கட்டணத்தோடு அமைவதில்லை. அமரும் ஒவ்வொரு தடவையும் அது கேட்கின்றது. உழைப்போர் வாழ்ந்த இடத்திலேதான் ஓய்வு மிக விலையுயர்ந்ததாக இருக்கின்றது என்பதை இதனைவிடச் சுருக்கமாகக் கூறுவது கடினம். ஆடுவோனுக்கு எழும் எரிச்சல் படைப்பின் குறையன்று. அதுவே படைப்பு அவனிடம் எழுப்ப விரும்பிய உணர்வு. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவொண்ணாதவை என்று மாணவர் பரீட்சைத் தாள்களிலே எழுதிப் பழகிய வாக்கியத்துக்கு இவ்வளவு கூர்மையான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைப்பதில்லை. அவ்வாங்குகளைக் ‘கரைச்சல்’ என்ற ஒரு சொல்லாற் கடந்துசென்ற விமரிசகர், வரி அறவிடுவோன் வரும் அத்தியாயம் மகிழ்ச்சியூட்டவில்லை என்று நாவலைக் குறை கூறியவரை ஒத்தவராவர். சில வாரங்களின் பின்னர் ஆறுதலாக எழுதப்பட்ட நீண்ட கட்டுரைகள் சில இத்தொடர்பைக் கண்டுகொண்டன என்பதையும் கூறுதல் வேண்டும். அவை புள்ளியிடாத கட்டுரைகள் என்பது தற்செயலன்று.

இவ்வாறு கூறுவதனால் இதன் கடினம் முழுவதும் பொருள் பொதிந்தது என்று கொள்ளலாகாது. திருநகர் வாயிலைக் காத்து நிற்கும் ‘இறுதி நீதிபதி’யிடம் தோற்றவர்கள், மணற்காற்று வீசும் படிக்கட்டுப் பகுதியினூடே மறுபடியும் மறுபடியும் ஏறிவர நேர்கின்றது. இதுவே மிகுந்த கண்டனத்துக்குள்ளான பகுதிகளுள் ஒன்று. யாத்திரையின் கடைசிப் படிகள் அவை என்பதால் அந்நெடுநடைக்கு நியாயம் உண்டு. ஆனால் இரண்டு முகமூடிச் சேதத்துக்கு அத்தகைய நியாயத்தை எங்கும் காட்ட முடியாது. பெரும் பகைவனின் ஓங்கிய அடிக்கும் அவனுடல் தற்செயலாக உரசுவதற்கும் பல இடங்களில் ஒரே விலை அறவிடப்படுகின்றது. கொடுமையிலும் தரவேறுபாடு வேண்டும். எல்லாச் சொற்களையும் உரத்துக் கூறுபவனின் பேச்சில் அழுத்தம் எது என்று அறியவியலாதது போல, எல்லாமே கொடியதான இடத்தில் எதுவும் குறிப்பாகக் கொடியதாவதில்லை. ஹோர்னற் முன்னைய வீரனைவிட வேகமானவள், ஆகவே சாதாரண பகைவரும் வலுப்பெற வேண்டியிருந்தது என ஆக்கியோர் விளக்கியுள்ளனர். அது தொழில்நுட்ப விளக்கம், கலைநியாயம் அன்று. கண்டனஞ் செய்தோர் தம் எரிச்சலை இந்த இடத்திலே நிறுத்தி ஆராய்ந்திருப்பின் அவர்கள் கட்சி பெரிதும் வலுப்பெற்றிருக்கும்.

மொழிநடை பற்றிய சர்ச்சை தனித்து நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் எழுதிய விமரிசகர் பலர் இப்படைப்பின் உரையாடல்களை ஓரிரு அடைமொழிகளோடு விட்டுவிட்டனர். சீன மொழியில் ஆடியோரோ ‘ஸ்டீம்’ விற்பனைத் தளத்திலே பெருந்தொகையாக எதிர்க்கருத்துப் பதிந்தனர். எளிமைப்படுத்திய சீன வரிவடிவிலான மொழிபெயர்ப்பு, வாட்போர்க் கதைகளின் போலிப் பழநடையைப் பூண்டு பாத்திரங்களின் குரலைக் கெடுத்துவிட்டது என்பது அவர்களின் முறைப்பாடு. ஏனைய மொழிகளில் உயர்ந்து நின்ற ஏற்புவீதம் அம்மொழியில் மட்டும் தாழ்ந்து கிடந்தது. ஆக்கியோர் குறையை ஒப்புக்கொண்டு மொழிபெயர்ப்பைச் சீர்செய்ய முன்வந்தனர். இதனை ‘எதிர்ப்புள்ளித் தாக்குதல்’ என்ற வழக்கமான பெயரால் ஒதுக்கியோரும் உளர். ஆனால் எந்நடை எப்பாத்திரத்துக்குப் பொருந்தும் என்ற வினாவை எழுப்பியவர்கள் தொழில்முறை விமரிசகர்களல்லர், பெயரறியாச் சாதாரண ஆடுவோரே. 1960களின் ஈழத்து மரபுப் போராட்டத்தைப் படித்தறிந்தோருக்கு நடைபற்றி இத்துணைச் சூடாக வாதிடுவது வியப்பளிக்காது. கட்டைவிரலை மேலே அல்லது கீழே காட்டும் இரண்டே இரண்டு குறிகளினால் தம் இலக்கியத் தீர்ப்பை அவர்கள் வெளியிட நேர்ந்தமைதான் பரிதாபத்துக்குரியது.

வெளியான சில நாட்களுள் அறிவிக்கப்பட்ட முதலாவது பெருந்திருத்தம் இப்பிரச்சினையை இன்னொரு கோணத்திற் காட்டுகின்றது. தொடக்கப் பகுதிகளின் பெரும் பகைவர் இருவரின் வலு குறைக்கப்பட்டது. சில பொருட்களுக்குக் கிடைக்கும் மணிகள் கூட்டப்பட்டன. இடைப்பகுதியிலுள்ள வாங்குகளின் கட்டணமும் சற்றுக் குறைக்கப்பட்டது. முறையிட்ட நுகர்வோனுக்கு வணிகன் செய்யும் சலுகையாக இதனைக் கண்டு பாராட்டினர் பலர். பகைவர் வலுவைக் குறைத்தமை நியாயமே; மேற்காட்டிய தரவேறுபாட்டுக் குறைக்கு அது ஓரளவேனும் பரிகாரமாகலாம். ஆனால் வாங்கின் கட்டணத்தைக் குறைத்தமை வேறுவகையானது. அங்கே குறைக்கப்பட்டது ஆடுவோனின் சிரமம் மட்டுமன்று. பார்லூமின் சமய நிறுவனம் ஏழை யாத்திரிகனிடம் அறவிடும் தொகையும் சேர்ந்தே குறைந்துவிட்டது. ஆக்கியோர் இதனை உணர்ந்து செய்தனரா, விலைப்பட்டியலில் ஓரெண்ணைத் திருத்தியதாக மட்டுமே கருதினரா என்ற வினா முன்னணி விமரிசனங்களில் எழவேயில்லை. செப்டெம்பர் முதல் வாரத்திலே ஆடியவன் ஒரு தொகையைக் கொடுத்து அமர்ந்தான். பின்னர் வந்தவன் அதனிற் குறைந்த தொகையைக் கொடுத்து அதே வாங்கில் அமர்கின்றான். முதல் வாரத்தவனுக்காக எழுதப்பட்ட கட்டுரைகளோ அன்றிட்ட புள்ளிகளோடு அப்படியே கிடக்கின்றன.