பாலையா கேட்கிறார்

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை முதல் தடவை பார்ப்பவர்கள் நாகேஷைப் பார்க்கிறார்கள். மூன்றாவது தடவை பார்ப்பவர்கள் பாலையாவைப் பார்க்கிறார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்து யான் வட்டாரத்தில், குவார் செம்பெடாக்கிலும் ஜெராய் மலையடிவாரத்துப் பழைய தோட்டங்களிலும், அந்த மூன்றாவது வகை ரசிகர்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். மறுபடி மறுபடி பார்க்கத் தக்க படங்கள் என்று தொடங்கிய இந்தப் பட்டியல் அவர்களுக்காகத்தான். தொடங்கும்போது எல்லா நடிகர்களுக்கும் இடம் இருந்தது. எழுதி முடித்தபோது பாதி இடத்தை டி. எஸ். பாலையா எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வசனம் தெரிந்துவிட்டது, பாட்டு தெரிந்துவிட்டது, முடிவும் தெரிந்துவிட்டது. பேசாமல் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது மட்டும்தான் பாக்கி. அந்தப் பாக்கியைப் பாலையா அளவுக்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்த நடிகர் தமிழில் வேறு யாரும் இல்லை.

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். மகன் செல்லப்பாவிடம் ‘ஓகோ புரொடக்‌ஷன்ஸ்’ இருக்கிறது, பணம் இல்லை. அப்பா விஸ்வநாதனிடம் பணம் இருக்கிறது, கொடுக்க மனசு இல்லை. படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்லி மயக்கப் பார்க்கிறான் மகன். நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்பி, உடம்பாலேயே இருட்டைக் கொண்டுவந்து விடுகிறார். அது பெரிய வித்தைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பார்க்கிறவரைப் பயமுறுத்துவது சொல்பவர் அல்ல, கேட்பவர். பாலையாவின் முகத்தில் முதலில் இருப்பது சலிப்பு. தறுதலைப் பிள்ளை ஏதோ உளறுகிறான், கேட்டுத் தொலைப்போம் என்ற பாவனை. பிறகு அவரை மீறி ஆர்வம் வருகிறது. அதை மறைக்கப் பார்க்கிறார். மறைத்துக்கொண்டிருக்கும்போதே பயம் வந்துவிடுகிறது. கடைசியில், பயந்ததைப் பெற்ற பிள்ளையே பார்த்துவிட்டானே என்ற கூச்சம். நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று கண்டுபிடிக்கத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் அவர் போடும் சின்னச் சின்ன முனகல்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் போதும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

இதே காட்சியைப் படத்தின் இயக்குநர் ஸ்ரீதரே இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) படத்தில் மறுபடி எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் கேட்டார். மெஹ்மூதுக்குப் பிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ஓம் பிரகாஷ் கைதேர்ந்த நடிகர், சந்தேகமில்லை. ஆனால் அவர் தொடக்கத்திலேயே பயந்துவிடத் தயாராக இருக்கிறார். பாலையா தயாராக இல்லை. எஸ்டேட் முதலாளி என்ற மிடுக்கைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் பயப்படுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

எஸ்டேட் முதலாளி என்பது கெடா தோட்டத்துத் தமிழர்களுக்கு வெறும் கதாபாத்திரம் இல்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியப் பார்த்தார்கள். மறுநாள் விடியும் முன் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். படத்தில் விஸ்வநாதனிடம் வேலை செய்யும் அசோக்கின் வேலை போகிறது. உடனே முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, வேலை கேட்டுப் பாடி ஆடுகிறான். பட்டணத்தில் அது ஜாலியான பாட்டு. தோட்டத்திலோ வேலை போனால் லயத்து வீடும் சேர்ந்து போகும், போக்கிடம் கிடையாது. படம் வந்தது 1964இல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட, வேலையிழந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். தொழிலாளர்களின் பத்து வெள்ளி, இருபது வெள்ளிச் சேமிப்பிலிருந்து அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டமும் இதே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்தான். துரை வீட்டு வாசலில் ஒருவன் கூடாரம் அடித்து, துரையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கேட்கிறான் என்பதை அந்த ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்!

இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. கூடாரம் போட்ட அந்தப் புதுமுகம் ரவிச்சந்திரன், கோலாலம்பூரில் பிறந்த பிள்ளை.

மேலே இருப்பவரிடம் குழைவு, கீழே இருப்பவரிடம் அதட்டல்: இந்த இரட்டை முகத்தைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அது துரையின் முகம் அல்ல, துரைக்கு அடுத்த படியில் நின்ற பெரிய கிராணியின் முகம். வேலையை விட்டுத் துரத்திய பையன் கோடீஸ்வரரின் மகனாம் என்று காதில் விழுந்ததும் பாலையாவின் முதுகைப் பார்க்க வேண்டும். முகம் மாறுவதற்கு முன்பே முதுகு வளைந்துவிடுகிறது. வெள்ளைத் துரையின் சாயல் அவரிடம் துளியும் இல்லை. இருந்தும் தோட்டத்து ஆட்கள் அவரை இனம் கண்டுகொண்டது அந்த முதுகால்தான்.

பாலையாவின் முதல் படமே தோட்டத்தைத் தொட்ட படம்தான். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936), எம். ஜி. ஆருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும்கூட முதல் படம். கதாநாயகன் எம். கே. ராதா எல்லாம் இழந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் கதை. அவரைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கும் வில்லனாகப் பாலையா வந்தார். அங்கிருந்து பல வருடம் வில்லத்தனம்தான். ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பனை ஏசாத வாய் தோட்டங்களில் இருந்திருக்காது.

பட்டியலில் இரண்டாவது ‘திருவிளையாடல்’ (1965). சிவாஜி ரசிகர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர்கள் தருமி காட்சியைச் சொல்வார்கள், நக்கீரரோடு நடக்கும் வாதத்தைச் சொல்வார்கள். அவையெல்லாம் ஒலிநாடாவில் கேட்டே மனப்பாடம் ஆனவை. கண் திறந்து பார்க்க வேண்டியது ஏமநாத பாகவதரை. பாலமுரளிகிருஷ்ணா பாட, வாயசைத்தவர் பாலையா. இரவல் குரலுக்கு உதடு அசைப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ராகம் வரும்போதும் ‘இதற்கு மேல் என்ன இருக்கிறது’ என்று சபையை ஒரு சுற்று பார்க்கிறாரே, அந்தப் பார்வையைப் பாலமுரளி பாடிக் கொடுக்கவில்லை. பிறகு அதே மனிதர், இரவில் திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்கிறார். பாணபத்திரர் வேண்டாமென்று தள்ளிய மாணவனே இப்படிப் பாடுகிறான் என்றால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவர் மனசில் ஓடுவது அப்படியே தெரிகிறது. சிவாஜி வீணையும் குழலும் மிருதங்கமுமாகத் திரை முழுக்க நிறைகிறார். தோற்றுப்போன வித்வானோ, இப்படி ஒன்றைக் கேட்கக் கிடைத்ததே என்ற ஆனந்தத்தையும் மறைக்க முடியாமல் நிற்கிறார். தோல்வியும் ரசனையும் ஒரே முகத்தில்.

மூன்றாவதான ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாதஸ்வரம் மதுரை சகோதரர்கள் சேதுராமன், பொன்னுசாமியுடையது, நாட்டியம் பத்மினி, சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபம் சிவாஜியுடையது. இவ்வளவு பேருக்கு நடுவே தவில் முத்துராக்குக்கு என்ன வேலை? கையில் காயம் பட்டுத் தேறி வந்து சண்முகசுந்தரம் வாசிக்கும் கச்சேரியில், மோகனா ஆட்டத்திலேயே நலம் விசாரிக்கிறாள். பாலையாவின் கை தவிலில் ஓடிக்கொண்டிருக்க, கண் அந்த இருவருக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. அந்தக் கண் இல்லாவிட்டால் அது வெறும் பாட்டு. வைத்தியாக வரும் நாகேஷைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். வைத்தி வரும்போது படம் அவருடையதாகிவிடுகிறது. முத்துராக்கு வரும்போது படம் எல்லோருடையதாகவும் இருக்கிறது.

யானில் பெரும்பான்மையான மலாய்க்காரர்களுக்கும் இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும் ஒருவர் உண்டு: பி. ரம்லி. ‘நுஜும் பா பெலாலாங்’ (1959), ‘மடு தீகா’ (1964) எல்லாம் பெருநாளுக்குப் பெருநாள் தொலைக்காட்சியில் வந்தும் சலிக்காதவை. அவரைக் கதாநாயகனாக நிறுத்திய ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.

பாலையாவுக்கு வெளியே இந்தப் பட்டியல் சீக்கிரம் நகர்கிறது. மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) அவசியம். விஞ்ச் ஓட்டும் காளிக்கும் எஞ்சினியருக்கும் நடக்கும் உரசல் தோட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் இல்லாமல் புரியும். இளவட்டங்கள் ரஜினி என்றால் ‘கபாலி’ (2016) என்பார்கள். நம் மண்ணில் எடுத்த படம், கூலி கேட்டுப் போராடிய நம் தாத்தாக்களைப் பேசிய படம், அந்தப் பெருமை நியாயமானது. ஆனாலும் இரண்டாவது முறை பார்க்கும்போது துப்பாக்கிச் சத்தம்தான் நிறையக் கேட்கிறது. அதைவிட, தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’யை (2005) எடுத்துப் பார்க்கலாம். பால்மரத் தோட்டம், படிக்க ஆசைப்படும் ஒரு பெண், அவசரப்படாத கேமரா. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் என்ன ஆயின என்பதை அதற்கு அடுத்த அத்தியாயமாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது ஒரு குறை. மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1978இன் கடைசியில். அதற்கு முன்பு ஈஸ்ட்மேன் கலரில் எடுத்த படமும் வீட்டுப் பெட்டியில் சாம்பல் நிறம்தான். இருந்தும் அப்போது படத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரையில் நின்றார்கள். இன்று கைப்பேசியில் வரும் துணுக்குகளில் நெடுக்குத் திரைக்காகப் படத்தின் இரண்டு ஓரங்களையும் நறுக்கிவிடுகிறார்கள். பேசுகிறவர் தங்குகிறார், கேட்கிறவர் வெளியே போய்விடுகிறார். கதை சொல்லும் நாகேஷ் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறார், எதிரே யாரும் இல்லை. புதுப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளும் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன. ஒருவர் பேச, அடுத்த நொடி இன்னொருவர் பேச, நடுவில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். கேட்டு முடித்து, புரிந்து, முகம் மாறுவதற்கு எந்த நடிகருக்கும் மூன்று விநாடி கொடுப்பதில்லை.

மறுபடி பாலையாவுக்கே வருவோம். பட்டியலில் நான்காவது ‘பாமா விஜயம்’ (1967). இதில்தான் தகராறு. பாலையாவின் உச்சம் இதுவே, முதல் இடம் கொடுக்க வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நடிகை வீட்டுக்கு வருகிறாள் என்று மூன்று மருமகள்களும் சக்திக்கு மீறிச் சாமான் வாங்கிக் குவிப்பதை, சம்பளத்துக்கு முந்தைய வாரம் கடைக்கணக்கும் தவணைக் காசும் கட்டித் தவித்த குடும்பங்கள் சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. ஆனால் பாலசந்தர் அந்த மாமனாருக்கு நிறையப் பேச்சு கொடுத்துவிட்டார். எடுத்துச் சொல்லவும் திருத்தவும் அவரை வைத்தார். நன்றாகத்தான் செய்திருக்கிறார், பாலையா எதைத்தான் நன்றாகச் செய்யவில்லை! அதை மேலே ஏற்றச் சொல்பவர்கள், முத்துராக்கை எங்கே இறக்குவது என்று முதலில் சொல்லட்டும்.