கூலியும் கூலியாளும்

ஆங்கில அகராதியில் குடியேறிய தமிழ்ச் சொற்களைக் கூறுமிடத்துக் கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவற்றை ஆசிரியர் பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். ‘கூலி’ என்னும் சொல்லுக்கு வரும்போது மட்டும் குரல் தாழ்கிறது. பாட்டனையும் பூட்டனையும் பிறர் இழிவாக அழைத்த சொல் அது என்பதை மாணவரும் அறிவர். அத்தயக்கம் தகுமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ எங்கிருந்து பிறந்தது? இது குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. மேலை இந்தியாவில், குறிப்பாகக் குசராத்தில், வாழும் ‘கோளி’ இனத்தாரின் பெயரே சுமை தூக்குவோர்க்குரிய பொதுப்பெயராயிற்று என்பது ஒன்று. ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே அதற்கு மூலம் என்பது மற்றொன்று. யூல், பர்னெல் என்னும் இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி முன்னதையே பெரிதும் ஏற்கிறது. எனினும் தமிழ்ச் சொல்லையும் எடுத்துக் காட்டுகிறது. எனவே, மொழிப்பற்றினால் ஒன்றையே முடிந்த முடிபாகக் கற்பிப்பது ஆராய்ச்சி நெறியன்று. தென்னாட்டு மக்கள் கப்பலேறிய காலத்தே இவ்விரு சொற்களும் ஓரொலியாய்க் கலந்து நின்றன என்பதே பொருந்தும்.

தமிழில் அச்சொல்லின் நிலை யாது? ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில், 619ஆம் குறளில், வள்ளுவர் அதனை ஆள்கிறார். ஊழ் கைகொடாவிடினும் உடல் வருந்திய முயற்சி தன் பயனைத் தந்தே தீரும் என்னுமிடத்து, அப்பயனைச் சுட்ட அவர் கொண்ட சொல் கூலியே. மதுரையில் வந்தி என்னும் முதியவளுக்காகச் சிவபெருமான் மண் சுமந்தபோது, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றார் என்று திருவிளையாடற் கதை கூறும். இறைவனே பெறத்தகுந்த ஒன்றில் இழிவு ஏது? கூலி உழைப்பின் மதிப்பு. கூலியாள் அம்மதிப்பைப் பெறும் மாந்தன்.

ஆங்கிலேயர் வழக்கில் இவ்வேறுபாடு அழிந்தது. 1834இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை நீங்கத் தொடங்கியது; அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை மொரீசியசில் இறக்கியது. தோட்ட முதலாளியரின் கணக்கேடுகளில் இத்தகையோர் யாவரும் ‘கூலி’களாயினர். பெறும் பொருள் நின்றது; பெறும் ஆள் மறைந்தான். அவர்தம் குடியிருப்பும் ‘கூலி லைன்ஸ்’ எனப்பட்டது. அதன் பின்பாதியே தோட்டத்தார் நாவில் ‘லயம்’ ஆயிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றே குறிக்கப்பட்டார். கற்ற கல்வியும் அச்சொல்லின் முன் காப்பாகவில்லை. சீனர் இச்சொல்லைத் தம் எழுத்தில் வரைந்தபோது, கசப்பு, வலிமை என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளை அமைத்துக் கொண்டனர். பிறமொழி ஒலியில் தம் துயரத்தையே அவர்கள் எழுதினர் எனலாம்.

வருந்தத்தக்கது யாதெனின், இப்பிறழ்ந்த சொல் தமிழுக்கே திரும்பியதாகும். வரலாற்றுக் கட்டுரைகளிலும் கதைகளிலும் ‘கூலிகள் கொண்டுவரப்பட்டனர்’ என்னும் தொடரைக் காண்கிறோம். கூலி அஃறிணைப் பெயர், வந்தவரோ உயர்திணையர். ஆகுபெயராகக் கொள்ளலாமே எனின், இலக்கணம் அதற்கு இடந்தரும். ஆயினும் இவ்வாட்சி தமிழர் நாவில் இயல்பாகக் கனிந்ததன்று; பிறர் கணக்கேட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது.

அங்ஙனமாயின் அச்சொல்லை முற்றிலும் துடைத்தெறிய வேண்டுமா? வேண்டுவதில்லை. முல்க்ராஜ் ஆனந்த் 1936இல் தம் ஆங்கிலப் புதினத்திற்கு அதனையே தலைப்பாக்கினார். சிறுமைப்படுத்தற்கன்று, சிறுமையைக் காட்டுதற்கு. மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் அதிலிருந்தே ஒரு கொள்கைப் பெயரை ஆக்கி, புலம்பெயர்ந்தோரின் பெருமைக்கு உரியதாக்கினார். அதே நாட்டில் ‘கூலி காட்’ எனப்பட்ட இறங்குதுறை, குடிபெயர்ந்தோர் துறை எனப் பொருள்படும் ‘ஆப்ரவாசி காட்’ ஆகி, 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அறிந்து ஆளுதலும் அறிந்து மாற்றுதலும் நெறிகளே; அறியாது வழங்குதலே பிழை.

மலாயாவிற்கான ஒப்பந்த முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் ஓய்ந்தது. சொல்லின் வடு ஆறவில்லை. பழைய ஆவணங்களை எடுத்துக்காட்டும்போது அச்சொல்லை மேற்கோட்குறிக்குள் வைக்கலாம். ஏனைய இடங்களில் கூலியாள், தொழிலாளர், பாட்டாளி என எழுதுவதே முறை. வகுப்பறையில் இச்சொல்லை மறைத்தல் வேண்டா. முன்னோர் பெற்றது கூலி, அவர்கள் கூலியல்லர். இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்த மாணவன் தலைகுனியான்.