எடை குறைந்தால்தான் மொனாகோ பிழைக்கும்

2024 மொனாகோ கிராண்ட் பிரீயில் சார்ல்ஸ் லெக்லேர் சொந்த மண்ணில் ஜெயித்தார். 1931க்குப் பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே வென்றது அதுதான் முதல்முறை. மனசு நிறைந்த வெற்றி. ஆனால் பந்தயம் என்று பார்த்தால் என்ன நடந்தது? முதல் பத்து இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

முதல் சுற்றிலேயே பெரெஸ் என்ற ஓட்டுநரின் கார் நொறுங்கி, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் முன்னணியில் இருந்தவர்கள் டயரை மாற்றிக்கொண்டார்கள். விதிப்படி செய்தாக வேண்டிய டயர் மாற்றம் அங்கேயே முடிந்துவிட்டதால், மீதிச் சுற்றுகளை ஒரே டயரில் ஓட்டிவிட வேண்டுமென்று வேகத்தை மிச்சம் பிடித்து நகர்ந்தார்கள். 2025இல் இரண்டு முறை டயர் மாற்றியே தீர வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தார்கள். சில அணிகள் ஒரு காரை ஆமை வேகத்தில் ஓட்டி, பின்னால் வருபவர்களைத் தேக்கி, தங்கள் இன்னொரு காருக்கு வழி செய்துகொண்டன. டயர் விதியால் தீருகிற சிக்கல் இல்லை இது.

மொனாகோவில் முந்துவது என்றைக்குமே கஷ்டம்தானே என்பார்கள். உண்மை. 1992இல் புது டயருடன் துரத்தி வந்த நைஜல் மான்சலால், கடைசிச் சுற்றுகளில் அயர்டன் சென்னாவை ஒட்டியே வந்தும் தாண்ட முடியவில்லை. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. மான்சல் ஒரு பக்கம் மூக்கை நுழைத்துப் பார்த்தார், மறுபக்கம் வந்து பார்த்தார். முயன்று பார்க்கவாவது இடம் இருந்தது.

அந்த இடத்தைத்தான் இன்றைய கார்கள் விழுங்கிவிட்டன. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டான், ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோ சொச்சம். 1998 முதல் 2016 வரை காரின் அகலம் 1800 மி.மீ.தான். 2017இல் அது 2000 மி.மீ. ஆனது. 2022இல் குறைந்தபட்ச எடை 798 கிலோவைத் தொட்டது.

மொனாகோவில் சுரங்கப்பாதையைத் தாண்டி வரும் சிக்கேன் என்னும் இரட்டை வளைவை உன்னிப்பாகப் பாருங்கள். கார் இறக்கத்தில் பாய்ந்து வருகிறது. பிரேக்கை ஓங்கி மிதித்ததும் எடை முன்சக்கரங்களின் பக்கம் சாய்ந்து, அவற்றுக்குப் பிடி கூடுகிறது. அந்தப் பிடி இருக்கும்போதே காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஓட்டுநரின் கைத்திறமை தெரிவது அந்த ஒரு நொடியில்தான். கார் கனக்கக் கனக்க, திசை மாறத் தயங்குகிறது. டயர் சூடேறி வழுக்குகிறது. ஓட்டுநர் துணிவதை விட்டு டயரைக் காப்பாற்றத் தொடங்குகிறார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மாருதி 800ஐயும் ஒரு பெரிய எஸ்யூவியையும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குச் சின்ன கார்தான் என்றைக்கும் பிடிக்கும். வண்டி என்ன செய்கிறது என்பது அதில்தான் கைக்குத் தெரியும்.

கூடிய எடை எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஓட்டுநரின் தலையைக் காக்க 2018இல் வந்த ஹேலோ வளையம் இல்லாவிட்டால் 2020 பஹ்ரைன் தீ விபத்திலிருந்து ரொமெய்ன் குரோஜான் எழுந்து வந்திருப்பாரா? உயிர் காக்கும் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்கக் கூடாது. கை வைக்க வேண்டியது 2014இல் வந்த ஹைப்ரிட் பேட்டரி, மோட்டார், பெரிதாகிக்கொண்டே போன டயர், சக்கரம் ஆகியவற்றில்.

2026 விதிகள் முன், பின் சக்கரங்களின் இடைவெளியை 3600 மி.மீ.யிலிருந்து 3400க்கும், அகலத்தை 1900க்கும் இறக்கின. எடையிலும் ஏறக்குறைய 30 கிலோ வெட்டு. வரவேற்கிறேன், ஆனால் போதாது. அதே விதிகள் மின்மோட்டாரின் திறனை 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏற்றியிருக்கின்றன. அதற்கான பேட்டரியைச் சுமந்துகொண்டு கார் இதற்கு மேல் எப்படி இளைக்கும்? அகலம் பழையபடி 1800க்கு வரட்டும், எடை 700 கிலோவுக்குக் கீழே இறங்கட்டும். அதுவரை மொனாகோவில் சனிக்கிழமை தகுதிச் சுற்றைத்தான் தவறாமல் பார்க்கச் சொல்வேன். தனியே, முழு வேகத்தில், தடுப்புச் சுவரை உரசாமல் ஓட்டும் திறமையை அங்கே இன்னும் பார்க்க முடிகிறது.