மிச்சமான நேரம் யாருக்கு?

கோபிசெட்டிபாளையத்தில் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்த காலம். லீவு நாட்களில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதப் போவேன். 2000-ம் வருஷம் அந்த மண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கூடவே டேலி. பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். பேரேட்டோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய கணக்குப்பிள்ளை மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மாதக் கடைசியில் மூணு நாள் இழுக்கிற வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்துபோச்சு. முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

''ஏனுங்க கணக்குப்பிள்ளை... இனி உங்களுக்கு ரெண்டு நாள் மிச்சமுங்க. ஊர் ஊராப் போயி பாக்கி வசூலைப் பாருங்க. யாரு எவ்வளவு தரோணும்னு மெஷினு சொல்லீரும். யாரு தருவாங்கன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்!''

சம்பளம் குறையவில்லை. வராத பாக்கி குறைந்தது. அந்த முதலாளி ஒன்றும் மகான் இல்லை. டீக்காசுக்குக்கூட சீட்டு கேட்கிற ஆள்! ஆனாலும், மெஷின் மிச்சம் பிடித்துத் தந்த நேரத்தை எங்கே செலவு பண்ணுவது என்று யோசித்தார் பாருங்கள், அங்கேதான் அவர் முதலாளி.

சரி, இப்போது ஏ.ஐ. காலம். கோவையில் எந்த மேனேஜ்மென்ட் கூட்டத்துக்குப் போனாலும் 'மனிதனை மையமாக வைத்த தலைமை' என்று ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்கிறது. கைதட்டலும் இருக்கிறது. வெளியே வந்து காபி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்... 'மிச்சமாகிற நேரமும் பணமும் யாருக்குங்க?' காபி ஆறிவிடும். பதில் வராது.

பெங்களூரு 'துக்கான்' நிறுவனத்தின் தலைவர் சுமித் ஷா 2023 ஜூலையில் ட்விட்டரில் அறிவித்தார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 90 சதவிகிதம் பேரை அனுப்பியாகிவிட்டது, அந்த வேலையை சாட்பாட் பார்க்கிறது என்று. ஒரு புகாரைத் தீர்க்க 2 மணி 13 நிமிஷம் ஆனது, 3 நிமிஷம் 12 விநாடி ஆயிற்றாம். செலவு சுமார் 85 சதவிகிதம் குறைந்ததாம். கணக்கு பிரமாதம்! வீட்டுக்குப் போனவர்களை அந்த எண்களுக்குள் எங்கே தேடுவது?

ஸ்வீடனின் 'கிளார்னா' 2024 பிப்ரவரியில், 700 பேர் செய்யும் வேலையை எங்கள் ஏ.ஐ. செய்கிறது என்று மார் தட்டியது. 2025 மே மாதம் அதன் தலைவரே, செலவை மட்டும் பார்த்ததில் தரம் இறங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, மறுபடி ஆட்களைத் தேட ஆரம்பித்தார்.

நம்ம பக்கம் ஒரு நல்ல கதை உண்டு. கோவையின் 'கோவை.கோ' மென்பொருள் நிறுவனத்தின் சரவணகுமார் 2022-ல் ஒரு வாக்குக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசிக்குள் சேர்ந்து மூன்று வருஷம் வேலை பார்ப்பவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் போனஸ். 140 பேருக்கு சுமார் 14 கோடி ரூபாய். 2025 ஜனவரியில் முதல் அணிக்குப் பணம் கைக்கு வந்துவிட்டது. பங்கு கொடுத்தால் அது காகிதப் பணம்தானே என்று ரொக்கமாகவே கொடுத்தார். சபாஷ்!

ஆனால், கொஞ்சம் பொறுங்கள். 'மூணு வருஷம் இரு, மொத்தமாப் பணம் தர்றேன்' என்ற வசனத்தை இந்தக் கொங்குச் சீமை முன்னமே கேட்டிருக்கிறது. நூற்பாலைகளில் அதற்கு 'சுமங்கலித் திட்டம்' என்று பேர். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சின்னப் பெண்களைச் சேர்த்துவிட்டார்கள். ஹாஸ்டல், மில், ஹாஸ்டல் என்று மூன்று வருஷம். நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பினால், பல இடங்களில் அந்த மொத்தத் தொகை அம்போ! கோவை.கோவில் மாதாமாதம் சம்பளம் வாங்கி, அதற்கு மேல் கிடைத்தது போனஸ். மில்லில், போனஸ் என்று சொன்னதே பிடித்துவைத்த கூலி.

ஆக, வாக்கை மட்டும் வைத்துத் தலைமையை எடை போட முடியாது. கடைசி வரிசையில் நிற்கிறவருக்கு 'முடியாதுங்க' என்று சொல்லிவிட்டு, தனக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு போக வழி இருக்கிறதா? அதைப் பார்க்க வேண்டும்.

பி.காமில் நான் தூங்கி வழிந்த இண்டஸ்ட்ரியல் லா பேப்பரிலேயே இதற்கு ஒரு விதி இருந்தது. 1947 தொழில் தகராறு சட்டம். இயந்திரத்தையோ செய்முறையையோ மேம்படுத்துவதால் ஆட்குறைப்பு வரலாம் என்றால், பாதிக்கப்படும் தொழிலாளிக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். 21 நாள் பொறுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. ஏ.ஐ. இப்போது கை வைப்பது அவர்கள் மேஜையிலும்தான்!

உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் மண்டி முதலாளியும் கணக்குப்பிள்ளையைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. அவர் நல்ல மனுஷனாக அமைந்தது கணக்குப்பிள்ளையின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா, சொல்லுங்கள்?

நீங்கள் பத்துப் பேருக்குச் சம்பளம் போடுகிறவரா? ஏ.ஐ. வாங்குவதற்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்துப் பேசுங்கள். எவ்வளவு நேரம் மிச்சமாகும், அதில் யாருக்கு என்ன பங்கு, எந்தத் தேதியிலிருந்து... ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள்.

சம்பளம் வாங்குகிறவரா? அந்தத் தாள் எங்கேங்க என்று கேளுங்கள். மரியாதையாகத்தான்... ஆனால், கேளுங்கள்!