கழகமும் பொதியிலும்: சம்பூரில் ஒரு கடதாசி அறை

வீட்டுப் போக்கர் அறை என்று இன்று பல நாடுகளில் வழங்குவது, கடதாசி விளையாட்டு ஒன்றுக்கே என ஒதுக்கப்பட்டு, அதற்கேற்ற மேசையும் கதிரைகளும் தொங்குவிளக்கும் சில்லுப் பெட்டியும் கொண்டு நிறைக்கப்பட்டு, படுக்கவோ படிக்கவோ விருந்தினரைத் தங்கவைக்கவோ பயன்படாத தனி அறையாகும். போக்கர் என்பது 52 கடதாசிகள் கொண்ட கட்டால் ஆடப்படும் பணய ஆட்டம். இன்று மிகுதியாக ஆடப்படும் வகையில், ஒவ்வொருவர் கையிலும் பிறர் காணாத இரண்டும் மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்தும் இருக்க, பொதுக் கடதாசிகள் திறக்கப்படுந்தோறும் ஆடுவோர் பணயத்தை உயர்த்துவர் அல்லது ஆட்டத்திலிருந்து ஒதுங்குவர். பணத்துக்கு ஈடாக மேசையில் வைக்கும் வட்ட வில்லைகளே சில்லுகள். தமிழ்நாட்டில் 'சீட்டு' எனப்படுவதை ஈழத்தில் 'கடதாசி' என்றும் 'காட்ஸ்' என்றும் சொல்வர். இங்கே சீட்டு என்றால் மாதந்தோறும் பணம் கட்டி எடுக்கும் சீட்டையே பெரும்பாலும் குறிக்கும்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்து அமைந்த சம்பூரை இந்த ஆய்வுக்குக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேறிய இவ்வூர் மக்கள் ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் முகாம்களிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்தனர். அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்கும் முதலீட்டு வலயத்துக்கும் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத் திட்டத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. 2015ஆம் ஆண்டு 818 ஏக்கரும், 2016ஆம் ஆண்டு மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்ட பிறகே மக்கள் தம் மண்ணில் மீண்டும் அத்திவாரம் இட்டனர். பாட்டன் கட்டிய வீட்டில் வாழ்பவர் அதன் அறைகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். வெறுநிலத்தில் தொடங்குபவரோ எந்த அறை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒவ்வொன்றாக எண்ணித் துணிய வேண்டியிருக்கிறது. அந்த எண்ணத்துக்குள் கடதாசி விளையாட்டையும் கொண்டுவருவது அற்பமான செயலன்று, ஏனெனில் ஊர் கூடிப் பொழுது கழிக்கும் முறையும் வீட்டின் அமைப்பில்தான் தங்கியிருக்கிறது.

போக்கர் அறை எனும் வழக்கம் பரவிய வரலாற்றை முதலில் நோக்கினால் அதன் குறைகள் பல விளங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஓர்லியன்சிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களிலும் வளர்ந்த இந்த ஆட்டம், வீடுகளில் நெடுங்காலம் சமையலறை மேசையிலேயே ஆடப்பட்டது. 2003ஆம் ஆண்டு லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், கணக்காளராக வேலை பார்த்த கிறிஸ் மனிமேக்கர் மற்ற 838 பேரை வென்று 25 இலட்சம் டொலர் பரிசு பெற்றார். 2006ஆம் ஆண்டில் அதே போட்டியில் இறங்கியோர் 8,773 பேர். மறைத்த கடதாசிகளையும் பார்வையாளருக்குக் காட்டும் ஒளிப்படக் கருவி தொலைக்காட்சியில் புகுந்ததும் இதே காலத்தில்தான். ஆகவே வீட்டுக்குள் எழுந்த போக்கர் அறை, ஆட்டத்தின் தேவையைவிடத் தொலைக்காட்சியில் கண்ட அரங்கின் தோற்றத்தையே மிகுதியும் பின்பற்றியது.

இருந்தபோதும் இந்த வழக்கத்துக்குள் மெய்யான கைத்திறன் ஒன்று அடங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் அதன் குறைகளைப் பேசுவது நீதியாகாது. நான்கைந்து மணிநேரம் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் உடலுக்கு என்ன வேண்டும் என்பதை இது நுணுகி ஆராய்ந்திருக்கிறது. மேசையின் உயரம் 29 முதல் 30 அங்குலம். ஒருவருக்கு மேசை விளிம்பில் ஏறத்தாழ இரண்டடி. முழங்கை ஊன்றுவதற்குப் பஞ்சு வைத்துத் தைத்த விளிம்பு. கடதாசியை நகம் படாமல் எடுப்பதற்கும் வீசும்போது ஓசையெழாமல் வழுக்கிச் செல்வதற்கும் பலகையின்மேல் மெல்லிய மெத்தையும் துணியும். இவற்றில் எதுவும் வெறும் ஆடம்பரமில்லை. விளக்கைப் பற்றிய அறிவு இன்னும் மேலானது. கூரையின் நடுவில் எரியும் வெண்ணிற மின்குமிழ் ஆடுவோர் தலைநிழலை அவர்கள் கையிலேயே விழச்செய்து கடதாசியைப் பளபளக்க வைக்கிறது. மேசைக்கு மேலே ஏறத்தாழ மூன்றடி உயரத்தில், அகன்ற மூடியோடு தொங்கும் மஞ்சள் ஒளி விளக்கோ நிழலையும் கூச்சத்தையும் ஒருங்கே நீக்கிவிடுகிறது. அறுபது வயது கடந்த கண்ணுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இரவில் விறாந்தையில் அமர்ந்து ஆடும் முதியவர்கள் அறிவர். நெகிழிக் கடதாசிகளும் அவ்வாறே: ஈரக்காற்றில் தாள் கடதாசி ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நெகிழியோ ஈரத்துணியால் துடைத்தெடுக்க இடந்தருகிறது.

இனி குறைகள். முதலாவது மேசையின் வடிவம். பத்துப் பேர் அமரும் நீள்வட்ட மேசை, ஏறத்தாழ எட்டடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உடையது, கடதாசி பகிர்வதற்கெனச் சம்பளம் பெறும் ஒருவர் நடுவில் அமர்ந்திருக்கும் சூதாட்ட விடுதிக்காக அமைந்தது. வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. ஆடுவோரே முறைவைத்துப் பகிர்வதால், கோடியில் இருப்பவர் மறுகோடிக்கு எழுந்து நின்று கடதாசி வீச வேண்டியதாகிறது. பேச்சும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நான்கடி விட்டமுள்ள வட்டமேசையோ எண்கோண மேசையோ ஆறு பேரை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய அமர்த்தும்.

இடக்கணக்கு அதைவிடக் கடுமையானது. நீள்வட்ட மேசையைச் சுற்றிக் கதிரை இழுக்க மும்மூன்று அடி விட்டால், 14 அடிக்கு ஒன்பதரை அடி, அதாவது 133 சதுர அடி தேவைப்படுகிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியோடு எழுந்த வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அப்படிப்பட்ட வீட்டில் இந்த மேசை கால்பங்கை விழுங்கிவிடும். ஒரே செயலுக்கென ஓர் அறையை ஒதுக்குவது தமிழருக்குப் புதிதன்று. எவ்வளவு சிறிய வீட்டிலும் சுவாமியறைக்கு ஒரு மூலை உண்டு. ஆனால் சுவாமியறை நாள்தோறும் விளக்கேற்றப்படும் இடம். வாரத்தில் ஓரிரவு மட்டும் விழித்திருக்கும் அறைக்கு அதே உரிமையைக் கொடுக்க, பிள்ளைக்குப் படிக்க மேசையில்லாத வீட்டில் நியாயம் காண்பது அரிது.

தட்பவெப்பமும் இந்த அறைக்கு எதிராகவே நிற்கிறது. யன்னலை அடைத்துக் குளிரூட்டி வைத்து, சுவரெங்கும் கருந்திரை தொங்கவிடும் முறை, ஆண்டின் பாதி குளிரில் கழியும் நாடுகளில், குறிப்பாக ரொறன்ரோ போன்ற நகரங்களின் நிலக்கீழ் அறைகளில், பொருத்தமுடையது. அங்கே வேறு பயனற்றுக் கிடக்கும் இடத்தை அது உயிர்ப்பிக்கிறது. சம்பூரிலோ ஐப்பசி தொடங்கும் மாரியில் கம்பளித் துணி பூஞ்சணம் பிடிக்கும். உப்புக்காற்றில் இரும்புத் திருகாணி துருவேறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதாவது மேற்கிலிருந்து வரண்டு கொதிக்கும் காற்றின் காலத்தில், மின்சாரம் ஒரு மணிநேரம் நின்றாலே அடைத்த அறையில் எவரும் அமர்ந்திருக்க முடியாது. புகைப்பவர் ஒருவர் இருந்தால் அவ்வறை மற்ற எல்லோருக்கும் கேடு.

இவையெல்லாம் தச்சராலும் மின்வினைஞராலும் ஓரளவு தீர்க்கக்கூடியவை. தீர்க்க முடியாதது கதவு. போக்கரில் பணயம் என்பது வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட ஒன்றன்று, ஆட்டமே பணயத்தால்தான் நடக்கிறது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவரைப் பொய்த்துணிவால் அச்சுறுத்த முடியாது. பணம் மேசைக்கு வந்ததும் மறைவும் கூடவே வருகிறது. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பணயம் வைத்து ஆடுவதையும் அத்தகைய இடத்தை நடத்துவதையும் குற்றமாக்கியது. தெருவிலும் திறந்த விறாந்தையிலும் ஆட அஞ்சிய ஆட்டம் உள்ளறைக்குப் போனதில் வியப்பில்லை. உள்ளறையில் எவ்வளவு தோற்றார் என்பதை மனைவி அறியார், அயலவர் அறியார், விடியும்வரை ஆடியவரும் நேரம் அறியார். திருக்குறளின் சூது அதிகாரம் இதை நுட்பமாகக் கண்டிருக்கிறது: கேடு தரும் மூன்றாக அது கவற்றையும், கழகத்தையும், கைத்திறனையும் சேர்த்தே சொல்கிறது. கவறு என்பது ஆடும் காய். கழகம் என்பது அன்று சூதாடும் இடத்துக்குப் பெயர். ஆடும் இடம் ஆட்டத்தின் பின்னணி மட்டுமாக இருந்தால் வள்ளுவர் அதைத் தனியே எண்ணியிருக்கத் தேவையில்லை. இடமும் ஒரு காரணம் என்பதே அந்த எண்ணிக்கையின் பொருள்.

ஈழத்தவரின் சொந்த ஆட்டமான 304 இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. 32 கடதாசிகளை நால்வர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடும் இதில் யாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2 எனப் புள்ளிகள் அமைய, ஒரு வகைக்கு 76 ஆகவும் நான்கு வகைக்கும் 304 ஆகவும் கூட்டுத்தொகை வருகிறது, பெயரும் அதனாலேயே. கேட்கும் தொகை புள்ளியால் அளக்கப்படுகிறதே தவிரப் பணத்தால் அளக்கப்படுவதில்லை என்பதால், காசு வைக்காமலே ஆட்டம் முழுமையுறுகிறது. ஸ்கோப்பன், கலாவரை என்னும் கடதாசி வகைப் பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தவை எனினும், ஆட்டம் ஊரின் உடைமையாகிவிட்டது. சனசமூக நிலையத்தின் வாங்கில், வேம்பின் கீழ், தலைவாசலில் அது நடக்கிறது. செத்தவீட்டில் இரவு முழுதும் விழித்திருக்க வேண்டிய ஆண்களுக்குப் பந்தலின் கீழ் துணையாகவும் அமைகிறது. துயருற்ற வீட்டைத் தனியே விடாமல் காப்பதற்கு ஒரு கடதாசிக் கட்டு உதவுகிறது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று. போகிறவர் நின்று பார்ப்பார், தவறாகப் போட்டவரை ஏசுவார், ஒருவர் எழுந்தால் அவரிடத்தில் அமர்வார். கதவு இல்லாததால் இதெல்லாம் இயலுகிறது.

புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் காட்டும் பொதியில் நினைவுக்கு வருவது இங்கேதான். பொதியில் என்பது ஊர்ப்பொது மன்றம். நரைத்த முதியோர் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாட்டப் பலகை அங்கே இருந்தது. போரால் மக்கள் நீங்கிய பின், அந்தக் குழிவில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஊர் அழிந்ததற்கு அடையாளமாக எரிந்த வீட்டையோ உடைந்த மதிலையோ அன்றி, ஆடுவார் இல்லாத பலகையைப் புலவர் தேர்ந்திருக்கிறார். பத்தாண்டு காடேறிக் கிடந்த சம்பூருக்கு இதைவிட நெருங்கிய சொல்லோவியம் பழைய இலக்கியத்தில் கிடைப்பது கடினம். முதியோர் மீண்டும் கூடி அமர்ந்து ஆடத் தொடங்குவதும், ஒரு மீள்குடியேற்றம் முற்றுப்பெற்றதற்கு வீட்டுக்கணக்கைப் போலவே சான்றாகும்.

மூடிய அறைக்குச் சார்பாக எழுப்பத்தக்க நியாயங்கள் இரண்டு உண்டு. வேலைக்கு விடியற்காலை எழ வேண்டியவர் உறங்கும் வீட்டில், நள்ளிரவுவரை கேட்கும் சிரிப்பும் வாதமும் தொல்லை என்பது முதலாவது. அதற்குச் சுவரல்லாமல் பத்து மணி என்ற எல்லையே ஏற்ற மருந்து. பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடுவர் என்பது இரண்டாவது. காசு இல்லாத ஆட்டத்தைப் பிள்ளை பார்ப்பதில் தீங்கில்லை, எண்ணிக்கையும் நினைவாற்றலும் கற்பான். காசு உள்ள ஆட்டத்தைக் கதவுக்குப் பின் வைப்பதால் அது பிள்ளைக்குத் தெரியாமல் போவதுமில்லை. போக்கரையே விரும்புவோர், எல்லோருக்கும் ஒரே அளவு சில்லுகளைப் பகிர்ந்து இறுதிவரை சில்லு வைத்திருப்பவரே வென்றவர் எனும் போட்டி முறையில், காசின்றியே அதன் சுவையைப் பெரும்பாலும் அடையலாம். பெண்களைப் பற்றிய நியாயம் எவராலும் எழுப்பப்படுவதில்லை, எழுப்பப்பட வேண்டும்: ஆண்களின் தனியறைக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்துத் திரும்புபவராக மட்டும் அவர்கள் இருக்கும் அமைப்பு, தாயமும் பல்லாங்குழியும் ஆடிய கைகளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறது.

ஆகவே போக்கர் அறையிடமிருந்து சம்பூர் வீடு பெறவேண்டியது மேசையும் விளக்கும் கதிரையுமே. அறையைப் பெற வேண்டியதில்லை. ஆறடி விறாந்தையைப் பத்தடியாக அகலப்படுத்தி, வாடைக்காற்றின் சாரல் படாத பக்கத்தில் நான்கடி வட்டமேசை ஒன்றை முதிரையிலோ வேம்பிலோ செய்வித்து, துருவேறாத திருகாணி பூட்டி, மேற்பரப்பில் கழற்றிக் காயவைக்கக்கூடிய துணி விரித்து, அதன்மேல் மூடியிட்ட மஞ்சள் விளக்கொன்றைத் தொங்கவிட்டால் போதும். பகலில் அதே மேசையில் பிள்ளை பாடம் எழுதும். இந்த ஏற்பாட்டுக்கு மேலதிகமாகத் தேவைப்படும் இடம், பத்தடி நீள விறாந்தையில் 40 சதுர அடி.