கரிசலின் பத்து ஏக்கர்

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பெரிய காரியம்தான். ஆனால் அதன் சல்லடையை ஒரு புரோகிராமராகப் படித்தால் உறுத்துகிறது.

நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர் வரை. இந்த வேறுபாடு நியாயமே. ஆனால் புன்செய் எல்லாம் ஒன்றா? எங்க குருவிகுளம் பக்கம் கரிசல், மானாவாரி. ஐப்பசி மழை ஏமாத்திட்டா பன்னிரண்டு ஏக்கர்காரரும் ஏழைதான். கிணற்றுப் பாசனத்தில் எட்டு ஏக்கர் வைத்திருப்பவரும் பட்டாவில் அதே புன்செய்தான். அவர் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார்.

பாசன விவரம் இல்லாமலில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பசலிதோறும் பயிரும் பாசனமும் பதிவாகின்றன. அந்த ஒரு கட்டத்தையும் கணக்கில் எடுக்காதவரை, தரவு பரப்பைத்தான் அளக்கும், வறுமையை அல்ல.