புதிய இசையைக் கண்டுபிடித்தவர் யார்?

"புதிய இசை ஒன்றைக் கண்டுபிடித்தேன்" என்று மகிழ்ந்து கூறுவோரை இந்நாளில் எங்கும் காண்கிறோம். அரங்கில் நேரே கேட்டவரும் இவ்வாறு கூறுகிறார். கைப்பேசியில் இணையத்தின் வழியே கேட்டவரும் இவ்வாறே கூறுகிறார். இச்சொல்லை நாம் சற்று நிறுத்தி நோக்க வேண்டியுள்ளது. கொலம்பசு கரையிறங்கியபோது அக்கரையில் மக்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர். அதுபோன்றே, நாம் கண்டுபிடித்ததாகப் பாராட்டிக்கொள்ளும் பாட்டிற்கும் ஏற்கெனவே பாடுவோரும் கேட்போரும், அது பிறந்த தெருவும் இருந்திருக்கக் காண்போம். ஆகவே, ஒரு பாட்டு நம் செவிக்கு எவ்வழியாய் வந்தது என்பதோடு, வருகையில் தன் மக்களையும் உடன் அழைத்து வந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். சென்னை நகரை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

1927 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நிகழ்ந்தது. அதன் விளைவாக 1928 இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. மார்கழி இசைவிழா அதனைச் சுற்றி வளர்ந்தது. இவ்விழாவில் புதிய பாடகரை அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பிற்பகல் வேளையில், பெரும்பாலும் கட்டணமின்றி நடக்கும் கச்சேரிகளில் இளைஞர் பாடுவர்; மாலை மங்க மங்க மேடையின் மதிப்பும் நுழைவுச்சீட்டின் விலையும் உயரும். பாடப்போகும் உருப்படிகள் பெரும்பாலும் முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. ஆலாபனை தொடங்கியதும் இது எந்த இராகம் என்ற தவிப்பு அவையில் எழும். அறிந்தவர் அறியாதவரின் காதில் மெல்லச் சொல்வார். அயலாரிடமிருந்து இவ்வாறு கற்பது நேரில் கேட்டலின் பெரும்பேறு என்போம். அங்கே பிடிக்காத பகுதியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தாவ இயலாது. (தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச்சாலையை நாடுவோரை இக்கூற்றிலிருந்து விலக்கிவிடலாம்.) பொறுத்திருந்து கேட்டவனுக்கே, முதலில் வறண்டதாய்த் தோன்றிய பாடகர் மூன்றாம் கீர்த்தனையில் மலர்வது தெரியும்.

ஆயினும், அவ்வரங்கின் வாயில் குறுகியது. நாகசுரமும் தவிலும் பல சபாக்களில் தொடக்க மங்கல இசையோடு நின்றுவிடுகின்றன. பறையும் கானாவும் ஒப்பாரியும் நெடுங்காலம் அவ்வாயிலை நெருங்கவே இல்லை. எதைக் கேட்கலாம் என்று முடிவு செய்தவர் சபாவின் காரியதரிசி. அவர் அழைக்காததை நாம் கேட்கவில்லை.

இணையம் இவ்வாயிலை உடைத்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இசையன்பர் பலர் பல ஆண்டுகளாக நாடாவில் பதிந்து பெட்டிகளில் பூட்டி வைத்திருந்த கச்சேரிகள், சங்கீதப்ரியா போன்ற தன்னார்வ முயற்சிகளால் விலையின்றி எல்லாருக்கும் கிடைத்தன. கடல் கடந்து வாழ்வோரும் சபாப் படியை மிதித்திராதோரும் கேட்டனர். இங்கே நாம் போற்றுவது பொறியை அன்று. இன்ன பாடகர், இன்ன பக்கவாத்தியம் என்று ஒருவர் வரிசைப்படுத்தித் தருகிறார். "இதைக் கேளுங்கள், நான் கேட்டு உருகினேன்" என்று இன்னொருவர் சுட்டுகிறார். இது அரங்கில் அயலார் காதில் சொன்னதன் நீட்சியே.

ஆனால் வணிக நிறுவனங்களின் இசைச் செயலிகள் வேறு வகையின. 2019 இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை முதலியன, நாம் முன்னர்க் கேட்டவற்றையும் நம்மைப் போன்றோர் கேட்டவற்றையும் கணக்கிட்டு அடுத்த பாட்டை நீட்டுகின்றன. நம் விருப்பமே மாறுவேடம் பூண்டு நம்மிடம் திரும்பி வருகிறது. பழைய காரியதரிசிக்கு முகம் இருந்தது, அவரோடு வழக்காடலாம். செய்தித்தாளுக்கு எழுதி அவரை நாணச் செய்யலாம். இப்புதிய காரியதரிசிக்கு முகமில்லை. இவரோடு யார் வழக்காடுவது?

செவியே நடந்து சென்ற நிகழ்ச்சிகளும் உண்டு. 2015 இல் சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் கடற்கரையில், ஓர் இசைவிழா தொடங்கியது. டி. எம். கிருஷ்ணாவும் சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமனும் அதில் முன்னின்றனர். கருநாடக இசையைக் குப்பத்திற்குக் கொடுக்கச் சென்றார்கள் என்று சிலர் எள்ளினர். இக்கண்டனம் பாதி நியாயமே. கொடுப்போர், பெறுவோர் என்ற பழைய ஏற்பாடு அத்தனை எளிதில் ஒழியாது. எனினும், சபா நாற்காலிக்குப் பழகியோர் குப்பத்து மணலில் அமர்ந்து பறையையும் கேட்டனர் என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

அதனினும் ஆழமானது 2018 சனவரியில் நிகழ்ந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு சென்னையில் முதன்முறையாக மேடையேறியது. 'சாதி பேதமற்ற' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லை நினைவூட்டுவது அப்பெயர். வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்ட கானா, பறையோடும் கிட்டாரோடும் வெளிச்சத்திற்கு வந்தது. நகரத்தின் பாதிக்கு அது புதிய இசை. மற்றப் பாதிக்கோ அண்ணன் தம்பியின் குரல். இரு பாதியினரும் ஒரே திடலில் நின்று கேட்டதால், இது யாருடைய பாட்டு என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை.

இவ்விடத்தில் மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005 இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்களை எண்ணாதிருக்க முடியவில்லை. 'பறட்டை' எனப் பலரும் அன்போடு அழைத்த அவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை ஆக்கினார். அவை ஒலிநாடாக்களிலும் பரவின. நாட்டுப்புற இசையை அவர் தேர்ந்ததன் காரணங்களுள் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது: அவ்விசையைக் கேட்டவர் தாமே பாடலாம், பாடுகையில் தமக்கேற்ப மாற்றவும் செய்யலாம். கேட்டவனைப் பாடகனாக்காத பரவல் அவருக்குப் போதவில்லை. இன்றைய செயலிகளில் ஒரு பாட்டை நூறு முறை கேட்கலாம், விரும்பியதாகக் குறியிடலாம், அதில் ஒரு வரியை மாற்றிப் பாட இடமில்லை.

இக்கருத்தை ஒரு பாடலைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம். 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் தீயும் அறிவும் பாடினர். பாடல் வரிகள் அறிவுடையவை. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவருடைய வாழ்வே பாட்டின் ஊற்று. நிலமற்றோரின் வரலாறும் ஒப்பாரியின் சாயலும் அதில் உள்ளன. கோடிக்கணக்கான முறை அது கேட்கப்பட்டது. கேட்டவருள் எத்தனை பேர் வள்ளியம்மாளின் பெயரை அறிவர்? மெட்டு சென்ற விரைவில் மக்கள் செல்லவில்லை.

அதே ஆண்டு ஆகத்தில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் தன் அட்டையில் இக்கலைஞர் கூட்டத்தாரைச் சிறப்பித்தது. தீயின் படமும் ஷான் வின்சென்ட் டி பாலின் படமும் இருந்தன. அறிவின் படம் இல்லை. பாடலின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்ற வழக்கு அடுத்த ஆண்டும் பொதுவெளியில் தொடர்ந்தது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. ஆனால் அறிவை அவ்வட்டையில் காணோமே என்று வெளிப்படையாகக் கண்டித்தவர்களுள் பா. ரஞ்சித் முன்னின்றார் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். 2018 இல் அக்குழுவிற்கு மேடை அமைத்தவர் அவர். அறிவும் அக்குழுவில் பாடியவரே. நேரில் கேட்டோருக்கு அக்குரல் யாருடையது, எத்தெருவிலிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது. பலரது எதிர்ப்புக்குப் பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தோடு மின்னணு அட்டை ஒன்றை வெளியிட்டது.